மேனாட்டிசையும் நம் செவியும்

மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் என்றவுடன் மலையகத்தாராகிய நம்மிற் பலர்க்கு நினைவில் எழுவது துரை பங்களாவே. அது துரைமார் சொத்து, நமக்கு அதில் என்ன அலுவல் என ஒதுங்கிவிடுகிறோம். இந்துக் கல்லூரி ஒன்றிற்கு அது பொருந்துமோ என ஐயுறுவாரும் உளர். இவ்விரு கருத்தும் பிழை என்பதே என் துணிபு.

நம் கோயிற் கச்சேரிகளிற் பாடகர்க்குப் பக்கத்துணையாய் அமரும் வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்று நம் இசைக்கு உரியதாக்கினார். தமையனாரோ ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு வடமொழியிலே தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டுசுர சாகித்தியம் எனப்படும் அவை முப்பதுக்கு மேற்பட்டன. சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. பிரித்தானிய மன்னரை வாழ்த்தும் மெட்டிலே அவர் சியாமளாதேவியைத் துதித்ததை எண்ணுந்தோறும் எனக்கு முறுவல் தோன்றும். அதனால் அவரது பத்தி குறைந்ததா?

நம் இசையில் இராகம் ஒற்றை இழையாக நீண்டு, கமகத்தாற் குழைந்து விரிகிறது. மேனாட்டிசையிலோ வெவ்வேறு சுரங்கள் ஒரே வேளையில் ஒலித்து, ஒன்றோடொன்று முரணியும் இணங்கியும் செல்கின்றன. பழகாத செவிக்கு அது இரைச்சலாகப் படுவது இதனாலேயே. (லயங்களிற் பிறந்து, காமன் கூத்தின் தப்பொலியில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாளம் புதிதன்று, இவ்வொத்திசையே புதிது.) ஐடன் (1732–1809) இயற்றிய நால்வர் இசை ஒன்றை முதலிற் கேட்பது நன்று. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ, நான்கே கருவிகள். முதன்முறை மேலே ஒலிக்கும் வயலினை மட்டும் செவி தொடரட்டும். மறுமுறை அடியில் ஒலிக்கும் செலோவை. அதன்பின் முழுவதையும் கேட்டால், இரைச்சல் எனத் தோன்றியது நால்வரின் உரையாடலாகப் புலப்படும்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதமும் மேலைத்தேய சங்கீதமும் வெவ்வேறு பாடங்கள். ஒன்றைத் தேர்ந்த மாணாக்கனுக்கு மற்றது எட்டாமலே போய்விடுகிறது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் நிலையை என்னென்பது? பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்ற இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறிற்று. அத்தகைய செவி நம் மலைகளில் இல்லையென்று எவரே துணிந்து கூறுவர்?

கருவிகள் வாங்கப் பெரும்பொருள் வேண்டும். கேட்பதற்கு ஒரு கைத்தொலைபேசியும் நல்ல ஒலிபெருக்கியும் போதும். பழைய மாணவர்கள் இவ்விழா ஆண்டில் ஓர் ஒலிபெருக்கியை உதவுவாராயின், மாதம் ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்கி மாணாக்கருடன் அமர்ந்து கேட்க யான் ஆயத்தமாக உள்ளேன்.