தெளிதல் என்னும் நீண்ட வினை

'போதை தெளிந்துவிட்டது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவதாக நம் எண்ணம். ஆனால் தெளிதல் நீருக்கும் உரிய வினை. குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, கலங்கிய நீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிரிவால் பித்தேறிய பெண்ணின் மனம் தலைவன் வரவால் மீள்வதை, நெய்தற்கலி அவ்வாறு தெளியும் நீருக்கே உவமிக்கிறது.

ஓசூர் ஆலைப் பகுதியில் இந்தக் காத்திருத்தலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தமிழக அரசு 2013இல் குட்காவைத் தடை செய்தது. கர்நாடகமும் அதே ஆண்டில் தடை செய்தது. எனினும் எல்லை வழியே கடத்தப்படும் மூட்டைகள் பிடிபடும் செய்தி ஓய்ந்தபாடில்லை. இரவுப் பணியில் உறக்கத்தை விரட்ட வாயில் அடக்கிக்கொள்ளும் அந்தப் பொட்டலத்தில் புகையிலையின் நிகோட்டினும் பாக்கின் அரிகோலினும் உள்ளன. இரண்டுமே மூளையை ஊக்குபவை.

விட்டவருக்கு என்ன நேர்கிறது? நிகோட்டினுக்குப் பழகிய மூளையில் அதனை ஏற்கும் வாயில்கள் பெருகியிருக்கும். வரத்து நின்றதும் அவை பசித்துக் கிடக்கின்றன. கவனம் சிதறுகிறது, சொன்னது மறக்கிறது, சினம் மூள்கிறது. முதல் வாரம் கடுமையானது. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணிகிறது. மெத்தாம்ஃபெட்டமின் போன்ற கடிய ஊக்கிகளிலோ கணக்கு மாதங்களில். நோரா வோல்கோவ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு 5 பேரைப் பற்றிய சிறிய ஆய்வுதான். ஓராண்டு விலகியிருந்த அவர்களது மூளையில் டோபமைன் கடத்திகள் கணிசமாக மீண்டிருந்தன; நினைவும் இயக்கத் திறனும் அந்த அளவுக்கு மீளவில்லை.

இங்கேதான் நாம் தவறுகிறோம். "விட்ட பிறகும் மந்தமாகவே இருக்கிறாயே" என்று மேற்பார்வையாளர் கடிகிறார். "போட்டபோதே நன்றாக இருந்தாய்" என்கின்றனர் வீட்டார். மீண்டும் போட்டுக்கொண்டால் கவனம் உடனே கூடும் என்பது உண்மைதான். கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவது போன்றது அது. பழக்கத்தில் மீண்டும் விழ அந்த ஒரு சொல் போதும்.

கை முறிந்தவருக்கு எளிய வேலை தரும் ஆலை, போதையை விட்டவருக்கும் சில வாரங்கள் இரவுப் பணியையும் பிரஸ் இயந்திரத்தையும் தவிர்த்துத் தரலாகாதா? மருத்துவம் வேண்டுவோர்க்குப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சட்டம் பொட்டலத்தைத் தடுக்கலாம். தெளிவதற்கான காலத்தைச் சுற்றியிருப்போர்தான் தர வேண்டும். குடத்தைக் குலுக்கிக்கொண்டே 'இன்னும் தெளியவில்லையே' என்று நீரை நொந்துகொள்வதில் பொருளில்லை.