முதலாவது தெரிவு கிண்ணத்தைத் தருமா?

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஓர் அணியின் தாக்குதல் முழுவதும் குவார்ட்டர்பேக்கின் கைகளில்தான் தங்கியிருக்கிறது. பந்தை யாருக்கு எறிவது என்பதைச் சில விநாடிகளில் தீர்மானிப்பவர் அவரே. அதனால்தான் ஆண்டுதோறும் நடைபெறும் என்.எப்.எல் வீரர் தெரிவில், பல்கலைக்கழக அணிகளின் சிறந்த குவார்ட்டர்பேக்கை முந்திக்கொண்டு எடுக்க அணிகள் போட்டியிடுகின்றன. ஆனால், இந்த அவசரம் சுப்பர் போல் கிண்ணத்தைத் தருகிறதா?

தன்னை முதலாவதாகத் தெரிவுசெய்த அணிக்கே கிண்ணம் வென்றுகொடுத்த குவார்ட்டர்பேக்குகள் மூவர் மட்டுமே: 1970இல் தெரிவான டெரி பிராட்ஷோ, 1989இல் ட்ரோய் ஐக்மன், 1998இல் பெய்டன் மானிங். 2009இல் முதலாவதாகத் தெரிவான மத்தியூ ஸ்டாபர்ட் டெட்ரோயிட் அணிக்காக 12 பருவங்கள் ஆடியும் கிண்ணம் கிட்டவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் றாம்ஸுக்கு மாறிய முதற் பருவத்திலேயே சம்பியனானார்.

காரணம் தெரிவு முறையிலேயே இருக்கிறது. முந்தைய பருவத்தில் கடைசி இடத்தைப் பெற்ற அணிக்கே முதலாவது வாய்ப்பு. ஆகவே, திறமையான இளைஞர் பலவீனமான அணிக்குள் போய் விழுகிறார். பணம் இந்த ஆசையை மேலும் வளர்க்கிறது. 2010இல் முதலாவதாகத் தெரிவான சாம் பிராட்போர்டுக்கு 5 கோடி டொலர் உத்தரவாதமாகக் கிடைத்தது. விதிகள் மாறிய 2011இல் காம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2.2 கோடி டொலர்தான். இளம் குவார்ட்டர்பேக் மலிவாகிவிட்டார்.

அந்த மலிவுக்கும் ஒரு விலை உண்டு. 2023இல் பிரைஸ் யங்கை எடுப்பதற்காக, முதலாவது தெரிவை சிக்காகோவிடமிருந்து பெற்றது கரொலைனா. பதிலாக எதிர்காலத் தெரிவுகளுடன், பந்தைப் பிடிப்பதில் சிறந்து விளங்கிய டி.ஜே. மூரையும் கொடுத்தது. யங் எறியும் பந்தைப் பிடிக்க நல்ல ஆள் இல்லை. 17 போட்டிகளில் 2 வெற்றிகள் மட்டுமே. கரொலைனா விட்டுக்கொடுத்த 2024ஆம் ஆண்டுத் தெரிவு முதலாவது இடமாக அமைய, அதைக்கொண்டு சிக்காகோ கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது.

2017இல் 10ஆவதாகத் தெரிவான பற்றிக் மஹோம்ஸின் கதை வேறு. முந்தைய பருவத்தில் 12 போட்டிகளில் வென்ற கன்சாஸ் சிற்றி அணி, முதல் ஆண்டில் அவரை ஒரேயொரு போட்டியில்தான் தொடக்க வீரராக இறக்கியது. பின்னர் அவர் மூன்று கிண்ணங்களை வென்றார்.

199ஆவதாகத் தெரிவாகி ஏழு கிண்ணங்கள் வென்ற டொம் பிரேடியைக் காட்டி, தாமதித்து எடுத்தாலும் போதும் என்று வாதிடுவதும் தவறு. அவரைப்போலக் கடைசிச் சுற்றுகளில் வந்தவர்களில் பெரும்பாலானோர் பெயர் தெரியாமலே போய்விட்டார்கள்.

எத்தனையாவதாக எடுத்தோம் என்பதைவிட, எடுத்தவரை எந்த அணிக்குள் இறக்குகிறோம் என்பதே முக்கியம். தோற்ற அணிகளோ, அணியைக் கட்டுவதற்கு முன்பே நாயகனைத் தேடுகின்றன.