போர்டைப் பார்க்காதீங்க... நம்பரைக் கேளுங்க!

இன்டர்னல் எக்ஸாம் முடிஞ்ச குஷியில இந்த வாரம் ஜாலியா ஏதாவது எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா, எங்க ஹாஸ்டல் கதை ஒண்ணு ரொம்ப நாளா மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டே இருக்கு. இன்னிக்கு சொல்லிடறேன்.

என் ரூம்மேட் சூப்பரா பாடுவான். காலையில பாத்ரூம் கச்சேரி கேட்டுத்தான் எங்க ஃப்ளோரே எந்திரிக்கும். நாலாவது செமஸ்டர்ல மூணு அரியர் விழுந்ததும் ஆள் அப்படியே சுருங்கிட்டான். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பார்த்தா, இருட்டுல சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான். லீவுக்கு ஊருக்குப் போனப்போ அவங்க அம்மா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார்.

திரும்பி வந்தவன், 'மாத்திரை போட்டா தூக்கமா வருது மச்சி'ன்னு புலம்பினான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல 'சைக்காலஜிஸ்ட்'னு பளபளன்னு ஒரு போர்டு பார்த்திருந்தேன். 'வாடா, பேசியே சரி பண்ணிடுவாங்க'ன்னு இழுத்துட்டுப் போனது சாட்சாத் நான்தான்! ரூம்ல நாலு பேர் சேர்ந்து ஐந்நூறு ரூபாய் தேத்தினோம். கோட் போட்ட மனுஷர் இருபது நிமிஷம் பேசினார். 'என்ன தம்பி, லவ் ஃபெயிலியரா?'ன்னு சிரிச்சார். 'இந்த மாத்திரையெல்லாம் மூளையைக் கெடுத்துடும், தூக்கிப் போடு'ன்னார். இவனும் தூக்கிப் போட்டுட்டான்.

மூணாவது வாரம் கட்டிலை விட்டே எந்திரிக்கலை. சாப்பாடு இல்லை, குளியல் இல்லை. வார்டன் கார்ல அள்ளிப் போட்டுக்கிட்டு இங்கே இருக்கிற கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் எங்களைத் திட்டலை. 'மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?'ன்னு மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

மாத்திரையோட சேர்த்து, வாரா வாரம் அங்கேயே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மேடத்தையும் பார்க்கச் சொன்னார். துணைக்குப் போன நான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். 'மேடம், போர்டு வெச்சிருக்கிறவர் உண்மையிலேயே சைக்காலஜிஸ்ட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?' மேடம் தன்னோட பேருக்குக் கீழே இருந்த ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரைக் காட்டினாங்க. 'போர்டை யார் வேணா எழுதலாம்ப்பா. இதைக் கேளு!'

அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதை உங்களுக்குச் சுருக்கமா சொல்றேன், கேட்டுக்குங்க.

சைக்கியாட்ரிஸ்ட்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு, மனநல மருத்துவத்துல மேற்படிப்பும் முடிச்ச டாக்டர். மாத்திரை எழுதறதும் நிறுத்தறதும் அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், டெஸ்ட் வெச்சு பிரச்னையைக் கணிப்பார், தெரபி கொடுப்பார். மாத்திரையில கை வைக்க மாட்டார். இந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா அன்னிக்கு நான் அந்த ரூமை விட்டு அப்பவே எழுந்து வந்திருப்பேன்!

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகறது லேசுப்பட்ட காரியம் இல்லை பாஸ். டிகிரி 3 வருஷம், எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜி 2 வருஷம், அதுக்கு மேல 2 வருஷம் முழுநேர எம்.ஃபில். ஆக மொத்தம் ஏழு வருஷம்! கடைசி ரெண்டு வருஷம் சீனியர்கள் கண்காணிப்புல நேரடியா நோயாளிகளைப் பார்த்துப் பழகணும். மேடம் வந்த ரூட் இதுதான். நம்ம பக்கம் முட்டுக்காட்டுல இருக்கிற மத்திய அரசு நிறுவனம், போரூர் ஸ்ரீராமச்சந்திரா மாதிரி இடங்கள்ல இந்த எம்.ஃபில். நடந்துச்சு.

படிச்சு முடிச்சா மட்டும் போதாது. டெல்லியில இருக்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ.யோட பதிவேட்டுல பேர் ஏறணும். அதுதான் அந்த நம்பர். 1992-ல வந்த ஆர்.சி.ஐ. சட்டப்படி, பதிவு இல்லாம கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா தொழில் பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபாய் வரைக்கும் ஃபைன், இல்லைன்னா ரெண்டும். ஆயிரம் ரூபாய்ங்க! எங்ககிட்ட வாங்கின மாதிரி ரெண்டு பேர்கிட்ட வாங்கினா கட்டிட்டுப் போயிடலாம். 2017-ல வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளை மாநில மனநல ஆணையமும் பதிவு செஞ்சு பட்டியல் வெளியிடணும்னு சொல்லுது.

சரி, கவுன்சலருங்க எல்லாம் டுபாக்கூரான்னு கேட்காதீங்க. நல்லாப் படிச்சு, அக்கறையா உட்கார்ந்து கேட்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆர்.சி.ஐ.க்குள்ள வராத மத்த சைக்காலஜிஸ்ட்டுகளுக்கும் பதிவு வேணும்னு 2021-ல தனிச் சட்டமே வந்திருக்கு. 'என்ன படிச்சீங்க, எங்கே படிச்சீங்க?'ன்னு கேட்டா, நல்லவங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

நம்ம இன்ஜினீயரிங் மக்கள்ல சிலருக்கு சைக்காலஜி மேல ஒரு கண்ணு உண்டுன்னு தெரியும். பி.இ. முடிச்சிட்டுத் தாவலாம். 2025 வரைக்கும் இக்னோவுல எந்த டிகிரி வெச்சிருந்தாலும் எம்.ஏ. சைக்காலஜி சேர முடிஞ்சுது. ஆனா, அந்த எம்.ஏ.வை மட்டும் வெச்சுக்கிட்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது. இன்னொண்ணு, பழைய ரூட் மாறுது. எம்.ஃபில்.லை யு.ஜி.சி. 2022-ல நிறுத்திடுச்சு. கிளினிக்கல் சைக்காலஜிக்கு விலக்கு மாதிரி 2025-26 கல்வியாண்டு வரைக்கும் சேர்த்துக்கலாம்னு 2024 ஜனவரியில சொன்னாங்க. அதுக்குப் பதிலா நாலு வருஷ பி.எஸ்சி., அதுக்கு மேல எம்.ஏ., சை.டி.ன்னு புதுப் படிப்புகளை ஆர்.சி.ஐ. கொண்டு வந்திருக்கு. ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி, அந்தக் காலேஜுல அந்தக் கோர்ஸுக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கான்னு அவசியம் பாருங்க.

ரூம்மேட் எப்படி இருக்கான்னுதானே கேட்கறீங்க? மூணு அரியர்ல ரெண்டு க்ளியர். போன வாரம் பாத்ரூம்ல இருந்து பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. ஸ்ருதி சேரலை... ஆனா, எங்க ஃப்ளோர்ல ஒருத்தன்கூட 'நிறுத்துடா'ன்னு கத்தலை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த போர்டு இன்னும் பளபளன்னுதான் இருக்கு. உங்க ஃப்ரெண்டு யாராவது தூக்கம் தொலைச்சுட்டு உட்கார்ந்திருந்தா, கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நடுராத்திரின்னா 14416-க்கு போன் போடுங்க. 2022-ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ் அது, 24 மணி நேரமும் இலவசம். டாக்டர் சொல்லாம மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. வெளியே யார்கிட்ட போனாலும் முதல்ல அந்த நம்பரைக் கேளுங்க. நான் கேட்காம விட்டுட்டேன், நீங்க விட்டுடாதீங்க!