தந்தைக்குக் காற்றுப்பை, பிள்ளைக்குத் தகரப்பெட்டியா?

"பழகத்தானே, இடிபட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லி, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகப் பழைய, ஆக மலிவான காரைத் தேடும் வழக்கம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இதைவிடத் தலைகீழான கணக்கை நான் கண்டதில்லை. இடிபடப்போவது கார் மட்டுந்தானா?

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போயிற்று என்பதை நானும் அறிவேன். ஆனால், விலை ஏறியதால் அவற்றின் தகடு தடித்துவிடவில்லையே! 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, காற்றுப்பையற்ற மாருதி அல்ட்டோ 800 காரை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்த முடிவை வெளியிட்டது. பெரியோர் பாதுகாப்புக்கு அது பெற்ற நட்சத்திரம் பூச்சியம். சோதிக்கப்பட்டதோ புத்தம்புதிய கார்.

பெயின்ற் மினுக்கத்தில் மயங்காதீர்கள். திறப்பைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைகின்றதா? எரியவே இல்லையெனில் எவரோ அதைக் கழற்றியிருக்கக்கூடும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தரகர் இதையெல்லாம் சொல்லமாட்டார். யப்பானியக் கார் எனில், மீளழைக்கப்பட்ட தகாட்டா காற்றுப்பை மாற்றப்பட்டதா என்று செசி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் கேளுங்கள்.

பணம் போதாதா? வீட்டிலுள்ள நல்ல காரை மகளிடமோ மகனிடமோ கொடுத்துவிட்டு, அந்தப் பழையதில் தந்தையார் வேலைக்குப் போகட்டும்.