வயதானவருக்கு மூளை உறை அழற்சி: எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் வயதானவர் ஒருவர் காய்ச்சலோடு சம்பந்தமில்லாமல் பேசினால், 'வயசாச்சு, அதான்' என்றோ, 'ஸ்ட்ரோக்கா இருக்குமோ' என்றோதான் முதலில் தோன்றும். பாக்டீரியாவால் வரும் மெனின்ஜைடிஸ், அதாவது மூளை உறை அழற்சி, பலருக்கு நினைவுக்கே வராது.

இது தாக்கியவர்களில் 6 பேருக்கு ஒருவர் இறக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்கான தனது முதல் உலகளாவிய வழிகாட்டுதலை 2025 ஏப்ரலில் அது வெளியிட்டது.

அறிகுறிகளை மட்டும் நம்பலாமா?

முடியாது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் மூன்றும் சேர்ந்து வரும் என்பார்கள். ஆனால் நெதர்லாந்தில் வயது வந்தோரிடம் ஏற்பட்ட 696 பாதிப்புகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், 44 சதவீதத்தில்தான் மூன்றும் இருந்தன.

கிருமியை எப்படிப் பிடிக்கிறார்கள்?

முதலில் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்புவார்கள். பிறகு கீழ்முதுகில் ஊசி செலுத்தி தண்டுவட நீரை எடுப்பார்கள். அதில் வெள்ளை அணுக்களும் புரதமும் கூடி, சர்க்கரை குறைந்திருந்தால் பாக்டீரியா மீது சந்தேகம் வலுக்கும். கிராம் ஸ்டெயின் சோதனை சீக்கிரமே ஒரு துப்பு தரும். கல்ச்சர் முடிவு வர ஓரிரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் அதுதான் சொல்லும். ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அப்போது பிசிஆர் கைகொடுக்கும்.

அதுவரை மருந்து காத்திருக்குமா?

காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்து தண்டுவட நீர் எடுப்பது தள்ளிப்போனாலும், ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட வேண்டும். எந்த மருந்து என்பதில்தான் வயது முக்கியமாகிறது. வயதானவர்களிடம் அதிகம் காணப்படுவது நிமோகாக்கஸ். 50 வயதைத் தாண்டினால் லிஸ்டீரியாவும் சந்தேகப் பட்டியலில் சேரும். வழக்கமாகத் தரும் செஃப்ட்ரியாக்சோன் லிஸ்டீரியா மீது வேலை செய்யாது. அதனால்தான் ஆம்பிசிலினையும் சேர்த்துத் தருகிறார்கள். கிருமி எது என்று உறுதியானதும், தேவையில்லாத மருந்தை நிறுத்திவிடலாம்.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரை, சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், சமீபத்திய காதுவலி என எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 'முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்' என்று பயந்து சம்மதிக்கத் தயங்குபவர்கள் உண்டு. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடப்படுகிறது. அந்தத் தயக்கத்தில் நழுவுவது கிருமியை அடையாளம் காணும் வாய்ப்பு.