திருடியது காலமா?

"அந்தக் காலத்தில் காசு இல்லை, ஆனால் பாசம் இருந்தது!" இந்தப் பல்லவியைப் பாடாத பணக்காரன் எந்த நாட்டிலும் இல்லை. ஹாங்காங்கில் இதைச் சினிமாவாகவே எடுத்துக் காசாக்குகிறார்கள். அங்கே உழைப்பாளி ஜனங்கள் பேசுகிற காண்டனீஸ் மொழியில், ஒண்டுக்குடித்தன வாழ்க்கையைப் பொன்னிறம் பூசிக் காட்டும் படங்கள் 1990களிலிருந்து வரிசையாக வந்திருக்கின்றன. ஏழை அழுதால் அது கலை. வாடகையைக் குறை என்று கேட்டால் மட்டும் கலகம் போலும்!

2010-ல் திரைக்கு வந்த ‘எக்கோஸ் ஆஃப் தி ரெயின்போ' இவற்றில் பேர்போனது. இயக்குநர் அலெக்ஸ் லோ தமது இளமைப் பருவத்தையே கதையாக்கினார். 1960களின் ஹாங்காங். பூட்ஸ் தைத்துப் பிழைக்கும் தகப்பன், சாமர்த்தியமான தாய், படிப்பிலும் ஓட்டப் பந்தயத்திலும் முதல்வனான மூத்த மகன், கண்ணில் பட்டதைச் சுருட்டும் குறும்புக்காரச் சின்னவன். புயலில் கூரை பறக்கிறது. மூத்தவன் ரத்தப் புற்றுநோயால் சாகிறான். பெர்லின் திரைப்பட விழாவில் சிறுவர் படப் பிரிவின் பரிசு இதற்குக் கிடைத்தது.

படம் பார்த்து அழுத தொழிலாளியை நாம் பரிகசிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரம் பொய்யல்ல. மாமூல் வாங்கும் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியையும் படம் காட்டத்தான் செய்கிறது. நமது சண்டை படத்தின் தலைப்போடு! அதன் சீனத் தலைப்புக்கு ‘காலம் என்னும் கைதேர்ந்த திருடன்' என்று பொருள். ஏழைக் குடும்பத்தின் செல்வத்தையெல்லாம் கொண்டுபோனது காலமாம்!

மாமூல் வாங்கியது காலமா? காலத்துக்குக் காக்கிச் சட்டை உண்டா? அக்காலத்து லஞ்சம் எப்படிப்பட்டது என்பதற்கு 1973-ல் வெளியான ‘எழுபத்திரண்டு குடித்தனங்களின் வீடு' என்ற காண்டனீஸ் படமே போதும். தீயணைக்க வந்தவர்கள் கையில் காசு விழாமல் குழாயைத் திறக்க மாட்டார்கள்! கொட்டகையே சிரித்தது, ஏனென்றால் எல்லோரும் அனுபவித்த சங்கதி அது. அவ்வாண்டு வசூலில் புரூஸ் லீயின் ‘எண்டர் தி டிராகன்' கூட அதற்குப் பின்னால்தான். அதே 1973-ல்தான் பீட்டர் காட்பர் என்ற பெரிய போலீஸ் அதிகாரி, லஞ்ச விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே லண்டனுக்கு ஓடினார். ஜனங்கள் தெருவில் இறங்கிக் கூச்சலிட்ட பிறகே, 1974-ல், காலனி சர்க்கார் லஞ்ச ஒழிப்புக் கமிஷன் அமைத்தது.

‘குடும்பப் பண்பு' என்று உருகுகிறவர்கள் இன்னும் சற்றுப் பின்னே போய்ப் பார்க்கட்டும். 1952-ல் நடிகர்களும் இயக்குநர்களுமாக 21 பேர் சேர்ந்து ‘யூனியன்' என்ற படக் கம்பெனியைக் கூட்டாகத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் படம் எது தெரியுமா? பா ஜின் எழுதிய ‘குடும்பம்' நாவல்! பெரியவரின் அதிகாரத்துக்குப் பேரன்களின் காதலும் வேலைக்காரப் பெண்ணின் உயிரும் பலியாகும் பெரிய வீட்டின் கதை. பழைய குடும்பத்தை ஆராதிக்கவா வந்தார்கள் அவர்கள்? அதன் வாசலை உடைக்க வந்தார்கள்!

அதே கம்பெனி 1953-ல் எடுத்த இன்னொரு படத்தை, ஆங்கிலத்தில் ‘இன் தி ஃபேஸ் ஆஃப் டெமாலிஷன்' என்பார்கள். இடியும் நிலையிலிருக்கும் ஒரு வீட்டில் பல குடித்தனங்கள். டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர், வேலையிழக்கும் வாத்தியார் ஒருவர். வாத்தியார் வீட்டுக்காரனிடம் வாடகை வசூலிக்கும் வேலையில் சேர்ந்ததும் நேற்றைய நண்பர்களையே விரட்டுகிறார். கடைசியில் புயலில் வீடு சரிகிறது. எல்லோருக்காகவும் ஒருவர், ஒருவருக்காக எல்லோரும் என்பதே படத்தின் கோஷம்.

இங்கேயும் புயல், அங்கேயும் புயல். 1953-ன் புயலில் வீட்டுக்காரனின் ஓட்டைச் சுவர் அம்பலமாகிறது. குடித்தனக்காரர்கள் ஒருவரையொருவர் தாங்குகிறார்கள். 2010-ன் புயலிலோ தகப்பன் தன் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வீட்டுக்காரன் கதையிலிருந்தே நழுவிவிட்டான்! ஐம்பத்தேழு வருஷத்தில் நடந்த மாற்றம் இதுதான். ஒற்றுமை போய்ப் பொறுமை வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் ‘குடும்பப் பண்பு' என்று பெயரும் சூட்டியாயிற்று.

இடையில் 1993-ல் ‘ஹி எய்ன்ட் ஹெவி, ஹி இஸ் மை ஃபாதர்' என்ற படம். தந்தையின் தாராளத்தை இளப்பமாக நினைக்கும் மகன், தந்தை வாலிபனாயிருந்த காலத்துக்கே போய்விடுகிறான். அந்தப் பழைய கோஷம் அதிலும் ஒலிக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் போராட்டக் கோஷமாயிருந்தது அங்கே தாத்தா காலத்து நற்குணமாகிவிட்டது, கண்ணாடிப் பெட்டியில் வைத்த வாள் மாதிரி.

கூட்டு நினைவு என்கிறார்களே, அந்த நினைவில் எது இருக்கிறது, எது இல்லை? 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மேய் குடிசைகள் எரிந்து 50,000-க்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். 1967-ல் பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலைத் தகராறில் பிறந்த கொந்தளிப்பில் 51 பேர் மாண்டார்கள்; போலீஸ் துப்பாக்கிக்கும் இரையானார்கள், தெருவில் வைத்த வெடிகுண்டுக்கும் இரையானார்கள். இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பூட்ஸ் தைப்பவனின் கதை நடப்பது இதே 1960களில். அதன் மையத்தில் 1967-க்கு இடமில்லை.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். அந்தப் படம் எடுக்கப்பட்ட ஷியுங் வான் பகுதியின் விங் லீ தெருவை இடித்துப் புதுப்பிக்க, நகரப் புனரமைப்பு அதிகார நிறுவனம் திட்டம் போட்டிருந்தது. 2010 பிப்ரவரியில் பெர்லினில் பரிசு கிடைத்தது. மார்ச்சிலேயே தெருவைப் பாதுகாப்பதாக அறிவிப்பு வந்துவிட்டது! செங்கல் பிழைத்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பரிசு வாங்காத தெருக்களின் கதி? அங்கே எந்தக் காமிரா போய் நிற்கும்?

1997-ல் கொடி மாறியது. வாடகை வசூல் மாறவில்லை. 2021 ஜனத்தொகைக் கணக்கின்படி, ஒரு வீட்டைத் தடுத்துத் தடுத்துக் கூறுபோட்ட அறைகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் வசித்தார்கள். அடுப்பும் கக்கூசும் படுக்கையும் ஒன்றையொன்று இடிக்கும் அறைகள். முப்பது வருஷம் கழித்து யாராவது ஒரு இயக்குநர் இந்த அறைகளையும் மஞ்சள் வெளிச்சத்தில் படமெடுப்பார். அப்போதாவது வாடகை வாங்க வந்தவனையும் காமிராவுக்குள் நிறுத்தட்டும்.