ராட்சத மரங்களின் சாலையிலே

புனித பிரான்சிஸ் அசிசியாரின் பெயர் தாங்கிய சான்பிரான்சிஸ்கோ மாநகரிலிருந்து வடக்கு நோக்கி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்றால், ஃபிலிப்ஸ்வில் என்னும் சிற்றூரருகே பெருஞ்சாலையை விட்டுப் பிரியும் பழைய சாலையொன்று உண்டு. ஈல் ஆற்றின் தென்கிளையை ஒட்டி வளைந்து வளைந்து 31 மைல் ஓடி, பெப்பர்வுட் அருகே மீண்டும் பெருஞ்சாலையோடு கலக்கிறது. இதற்கு ‘ராட்சதர்களின் சாலை’ என்று பெயர். 1960ஆம் ஆண்டில் புதிய பெருஞ்சாலை அமைந்தபின், அவசரக்காரர்கள் அதிலே விரைய, இந்தப் பழைய வழி மெல்லச் செல்வோருக்கென்று நின்றுவிட்டது. நாமும் மெல்லவே சென்றோம்.

நண்பகலிலும் கார் விளக்கை ஏற்ற நேர்ந்தது என்றால் வாசகர்கள் நம்புவார்களோ, அறியோம்! இருபுறமும் எழுந்து நிற்கும் ரெட்வுட் மரங்கள் அத்தனை அடர்த்தியாக வானை மறைக்கின்றன. (நம் நாட்டு மலைகளில் கள்ளத்தனமாக வெட்டிக் கடத்தப்படும் செம்மரத்திற்கும் இதற்கும் உறவேதும் இல்லை, இது ஊசியிலை மர இனம்.) முந்நூறு அடிக்கு மேல் வளர்ந்தவை பல, ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவையும் பல. இத்துணைப் பெரிய மரத்தின் விதையோ தக்காளி விதையளவுதான். அதனினும் வியப்பு அதன் வேர். ஆணிவேர் கிடையாது. பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்திற்குள் பக்கவாட்டில் பரந்து, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டே அது நிற்கிறது. கோடையில் மழையில்லை, கடலிலிருந்து வரும் மூடுபனியே இலைகளில் சொட்டி அதன் தாகம் தீர்க்கிறது.

1917இல் இயற்கை அறிஞர் மூவர் இவ்வழியே காரில் வந்தார்கள். தண்டவாளக் கட்டைகளுக்காகவும், திராட்சைத் தோட்டத்துக் கழிகளுக்காகவும் இம்மரங்கள் வீழ்த்தப்படுவதைக் கண்டு மனம் நொந்தார்கள். மறு ஆண்டே ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. ஊர்ப் பெண்களும் வாளாவிருக்கவில்லை. 1919இல் அவ்வட்டாரத்து மாதர் தமக்கென ஒரு சங்கம் கண்டு பணம் திரட்டினார்கள். ஜூலியா மார்கன் என்னும் பெண் கட்டடக் கலைஞர் வரைந்த நான்முகக் கணப்பு மண்டபம் ஒன்று, மாதர் கழகங்களின் நினைவாக இன்றும் தோப்பினுள் நிற்கிறது. செல்வர் ராக்ஃபெல்லர் இருபது லட்சம் டாலர் ஈந்தார். அதன் பயனாக 1931இல் புல் கிரீக் என்னும் ஓடைக்கரைக் காடு விலைக்கு வாங்கப்பட்டது. காடு பிழைத்தது என்றே அனைவரும் எண்ணினார்கள்.

இங்கேதான் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி இருக்கிறது. வாங்கப்பட்டது ஓடையின் கீழ்ப்பகுதி மட்டுமே. மேலே, ஓடை பிறக்கும் மலைச்சரிவுகள் தனியாரிடமே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வீடு கட்டப் பலகை வேண்டியிருந்தது, சரிவுகள் மொட்டையாக்கப்பட்டன. 1955 டிசம்பரில் பெருமழை கொட்டியது. பற்றிக்கொள்ள வேரில்லாத மண்ணும் கல்லும் சரிந்து ஓடையை நிரப்பின. வழி இழந்த வெள்ளம் கரைகளை அறுத்தது. ஒருவர் கோடரியும் தீண்டாத, பல நூற்றாண்டு கண்ட மரங்கள் நூற்றுக்கணக்கில் அடியோடு சாய்ந்தன. வண்டல் அடிமரத்தை மூடினால் புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும் மரம் இது. எனினும் காலடி மண்ணே கரைந்து போனால் அது என் செய்யும்? வேலி கட்டிக் காத்தவர்கள், வேலிக்கு மேலே இருந்த மலையை மறந்துவிட்டார்கள்.

1964 கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்த வெள்ளம் இன்னும் கொடியது. ஆற்றோரச் சிற்றூர்களையே வாரிக்கொண்டு போயிற்று. வியாட் என்னும் ஊரில் அன்று நீர் ஏறிய மட்டத்தைக் காட்டும் பலகையொன்றைக் கம்பத்தின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்துதான் அதைப் பார்த்தோம்.

நிறுவனர் தோப்பில் ‘டயர்வில் ராட்சதன்’ கிடக்கிறது. 360 அடிக்கு மேல் உயர்ந்திருந்த அது 1991 மார்ச்சில், பக்கத்து மரம் சாய்ந்து மோதியதால் வீழ்ந்தது. அவ்வோசை கேட்டுத் தொலைவிலிருந்த ஒருவர் ரயில் கவிழ்ந்ததென்று எண்ணினாராம். அதை யாரும் அகற்றவில்லை. அதன் மேல் பாசியும் பெரணியும் செழித்திருக்கின்றன. நாம் அதன் வேர்ப்புறத்தருகே நின்றபோது எறும்பு போலானோம்.

மரத்தைக் குடைந்து அதனூடே கார் விடும் வேடிக்கையும் இச்சாலையில் உண்டு. பிறர் வரிசையில் நின்றார்கள். நமக்கு மனம் வரவில்லை.

மாறாக, கிளைச்சாலை ஒன்றில் திரும்பி, புல் கிரீக் ஓடையோடு மேலே ஏறிச் சென்றோம். வெள்ளத்திற்குப்பின் சங்கமும் மாநில அரசும் அந்த மேற்சரிவுகளையும் சிறிது சிறிதாக வாங்கிப் பூங்காவில் சேர்த்துவிட்டன. மரம் நட்டு, கரை திருத்தும் பணி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அங்கே நிற்பவற்றில் பெரும்பாலானவை நூறு வயதும் நிறையாத இளமரங்கள். காரின் விளக்கை அணைத்துவிட்டோம். அங்கே வெயில் தாராளமாக விழுந்தது.